எம்எல்எம்ல சேரலாமா வேணாமா: ஒரு நாப்பது பக்க நோட்டு, ஒரு வாரம், கொஞ்சம் கணக்கு

இத தேடி படிக்கறீங்கன்னா அனேகமா உங்கள யாரோ எம்எல்எம்முக்கு, அதாவது பொருள் வித்து, ஆளுக்கு கீழ ஆள் சேத்து கமிஷன் வாங்கற பிசினஸுக்கு, கூப்பிட்டிருக்காங்க. கூட படிச்சவனோ, பக்கத்து வீட்டு அக்காவோ, ஆபீஸ் சீனியரோ. என்ன பிசினஸ்னு கேட்டா போன்ல சொல்ல மாட்டாங்க, நேர்ல வாங்க, அரை மணி நேரம் தான், ஒரு சார் வர்றாரு, அவரு ப்ளான் காட்டுவாருன்னு சொல்லியிருப்பாங்க. நானும் அப்படித்தான் திருப்பூர்ல ஒரு மண்டபத்து மாடிக்கு போனேன், இறங்கி வர பதினாலு மாசம் ஆச்சு. கம்பெனி பேரு வேண்டாம். சேராதீங்கன்னு பயமுறுத்த வரல, சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு வாரம் உக்காந்து என்னென்ன கணக்கு போட்டு பாக்கணும்னு மட்டும் சொல்றேன். எல்லாம் நான் போடாம விட்ட கணக்கு.

மொத வேலை டைம் வாங்கறது. மீட்டிங் முடிஞ்ச உடனே ஒருத்தர் ஃபார்மோட வந்து பக்கத்துல உக்காருவாரு, இன்னைக்கே ஐடி (மெம்பர் நம்பர்) போட்டா தான் இனிமே வர்றவங்க எல்லாம் உங்க கீழ வருவாங்க, நாளைக்குன்னா நீங்க அவங்க கீழ போயிடுவீங்கம்பாரு. அந்த ஒரு வரிய அப்படியே நோட்டுல எழுதிக்கோங்க. சோப்பும் சத்து பவுடரும் நல்லா ஓடற சரக்கா இருந்தா நீங்க இன்னைக்கு சேந்தா என்ன, தை பொறந்து சேந்தா என்ன, ஒரு சோப்புக்கு ஒரே லாபம் தான வரணும்? வரிசைல எடம் போயிடும்னு அவசரப்படுத்தறாங்கன்னா அங்க விக்கறது எடம். ஒரு வாரம் கழிச்சு சொல்றேங்கண்ணான்னு சிரிச்சிட்டே எந்திரிச்சு வந்துடுங்க, கூட்டிட்டு போனவன் மொகம் சுருங்கும், சுருங்கட்டும்.

வீட்டுக்கு வந்து மொத பக்கத்துல எழுத வேண்டிய கேள்வி: எனக்கு வரப்போற கமிஷன் யாரு பாக்கெட்ல இருந்து வருது? ரெண்டே வழி தான். ஒன்னு, ஐடி இல்லாத, பிசினஸ்ல சேர்ற ஆசையே இல்லாத ஒரு ஆளு, கடைல வாங்கற மாதிரி அந்த பொருள வாங்கி அதுல நிக்கற லாபம். இன்னொன்னு, புதுசா சேர்றவங்க ஜாயினிங்குக்கு வாங்கற பேக்கேஜும், ஏற்கனவே சேந்தவங்க ஐடி ஆக்டிவா இருக்கறதுக்காக மாசாமாசம் தானே வாங்கி வீட்ல அடுக்கற சரக்கும். ரெண்டாவது வழில காசு வெளிய இருந்து வரவே இல்ல, உள்ள இருக்கறவங்க காசு தான் ஒரு கைல இருந்து இன்னொரு கைக்கு போகுது, போற வழில கம்பெனி கொஞ்சம் எடுத்துக்குது. அதனால உங்க அப்லைன் (உங்கள சேத்து விட்டு உங்களுக்கு மேல இருக்கறவரு) கிட்ட நேராவே கேளுங்க, அண்ணா போன மாசம் உங்க டீம்ல ஆன மொத்த பிவில (வியாபாரத்த அவங்க பாயிண்டா போடற கணக்கு) ஐடி இல்லாத கஸ்டமர் வாங்கினது எவ்வளவுன்னு. நான் இத பத்தாவது மாசம் தான் கேட்டேன். "எல்லாரும் கஸ்டமர் தானப்பா"ன்னு பதில் வந்துச்சு, அதுவே பதில் தான்.

இது ஏதோ நம்ம ஊரு சந்தேகம்னு நெனைக்காதீங்க. 1979ல அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆம்வேங்கற எம்எல்எம் கம்பெனிய விசாரிச்சப்ப அது பிரமிட் (பொருள் விக்காம ஆள் சேக்கற காசுலயே ஓடற திட்டம்) இல்லன்னு முடிவுக்கு வந்ததுக்கு பெரிய காரணமே, மாசம் 10 சில்லறை கஸ்டமருக்காவது விக்கணும், வாங்கின சரக்குல 70 சதவீதமாவது வெளியேத்தியிருக்கணும், விக்காதத கம்பெனி திருப்பி வாங்கிக்கும்ங்கற விதிகள் தான். அதே கமிஷன் 2016ல ஹெர்பாலைஃப்ங்கற இன்னொரு எம்எல்எம் கம்பெனி கிட்ட 20 கோடி டாலர் கட்ட வெச்சு, இனிமே ஆள் சேத்ததுக்கு இல்லாம உண்மையா வித்ததுக்கு தான் காசு கொடுக்கணும்னு ப்ளானையே மாத்த வெச்சுது. ஆக கேள்வி ஒன்னே ஒன்னு தான், வெளியாள் வாங்கறானா.

வாங்குவானான்னு பாக்க சுலபமான வழி, கம்பெனி விலைப்பட்டியல எடுத்துட்டு போய் பக்கத்து மெடிக்கல்லயும் சூப்பர் மார்க்கெட்லயும் நின்னு கிராம் கணக்குல விலை போட்டு பாக்கறது. பேக்கெட் விலைய ஒப்பிடாதீங்க, கிராம். நான் தூக்கிட்டு அலைஞ்ச பேஸ்டு கடை பேஸ்ட விட கிட்டத்தட்ட ஒன்னே முக்கா மடங்கு விலை, கேட்டா இது கான்சன்ட்ரேட்டட், பட்டாணி சைஸ் போதும்னு சொல்ல எங்களுக்கு ட்ரெயினிங் கொடுத்தாங்க, நானும் எல்லார்கிட்டயும் பட்டாணி பட்டாணின்னு சொல்லிட்டு வீட்ல எப்பவும் போல ப்ரஷ் நெறைய வெச்சு தான் தேச்சேன். விலை ஏன் கூடுதுன்னா மேல இருக்கற அத்தனை லெவலுக்கும் கமிஷன் அந்த டப்பாவுக்குள்ள தான் இருக்கு. 2022 ஏப்ரல்ல அமலாக்கத்துறை ஆம்வே இந்தியாவோட 757.77 கோடி ரூபா சொத்த முடக்குச்சு, அதுல நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல இருக்கற ஃபேக்டரியும் ஒன்னு. அப்ப அவங்க சொன்ன கணக்கு, 2002-03ல இருந்து கம்பெனிக்கு வந்தது 27,562 கோடி, கமிஷனா போனது 7,588 கோடி. இது பழைய விசாரணை, 2011ல இருந்து ஒத்துழைச்சிட்டு தான் இருக்கோம்னு கம்பெனி சொல்லுச்சு, அந்த வழக்குக்குள்ள நாம போக வேணாம், அந்த ரெண்டு நம்பர மட்டும் பாருங்க. நூறு ரூபா வியாபாரத்துல சுமாரா 27 ரூபா கமிஷன். கடையில டிஸ்ட்ரிப்யூட்டருக்கும் கடைக்காரருக்கும் மார்ஜின் இல்லையான்னு கேப்பாங்க, இருக்கு தான், ஆனா கடைக்காரர் அந்த மார்ஜின்ல வாடகை கட்டி, கரண்ட் பில் கட்டி, காலைல ஆறு மணிக்கு ஷட்டர தூக்கறாரு, உங்களுக்கு மேல ஏழாவது லெவல்ல இருக்கறவரு உங்க பேஸ்டுக்கு என்ன செஞ்சாரு?

அடுத்து அந்த வட்டம் வட்டமா போர்டுல போடற படம். நீங்க 6 பேர சேக்கறீங்க, அந்த 6 பேரும் ஆளுக்கு 6, அவ்வளவு தான் சார், ஆறு பேர் கூடவா உங்களுக்கு தெரியாதுன்னு கேப்பாங்க. மீட்டிங்ல நாலு லெவலோட நிறுத்திடுவாங்க, நீங்க நிறுத்தாதீங்க, கால்குலேட்டர எடுத்து பத்து லெவல் வரைக்கும் தட்டுங்க. 6, 36, 216, 1,296, 7,776ன்னு போயி பத்தாவது லெவல்ல 6,04,66,176 வரும், மேல இருக்கறவங்களயும் உங்களயும் சேத்தா மொத்தம் 7,25,59,411. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டு மக்கள்தொகை 7,21,47,030. கைக்குழந்தை, ஜெயில்ல இருக்கறவங்க, உங்களுக்கு முன்னாடியே வேற வேற டீம்ல சேந்தவங்கன்னு ஒருத்தர் விடாம சேத்தாலும் பத்தாவது லெவல் ரொம்பாது.

அத விட முக்கியமான ஒரு விஷயம் இதுல ஒளிஞ்சிருக்கு, எனக்கே வெளிய வந்தப்புறம் தான் புரிஞ்சுது. அந்த 7.25 கோடில 6.04 கோடி பேரு கடைசி வரிசை. அவங்களுக்கு கீழ யாரும் இல்ல. அதாவது ஆறுல அஞ்சு பேருக்கு டவுன்லைனே கெடையாது. எந்த லெவல்ல நிறுத்தி பாத்தாலும் இதே தான், சும்மா 259 பேர் டீம்னா அதுல 216 பேர் கடைசி வரிசை. ரைட் லெப்ட்னு ரெண்டு ரெண்டா போற பைனரி ப்ளான்ல பாதிக்கு பாதி. அப்ப தோத்தவன் எல்லாம் உழைக்காதவன், நெகட்டிவ் மைண்டுன்னு மேடைல சொல்றாங்களே, அத்தனை பேரும் ராப்பகலா உழைச்சாலும் ஆறுல அஞ்சு பேரு கடைசி வரிசைல தான் இருந்தாகணும், படத்தோட அமைப்பே அது தான்.

இப்ப நோட்டுல ரெண்டு பக்கம் காலியா விட்டு லிஸ்ட் எழுதுங்க. சேந்த உடனே அவங்களே எழுத சொல்வாங்க, தெரிஞ்ச நூறு பேர் பேருன்னு. நீங்க முன்னாடியே எழுதி, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரு கேள்வி போடுங்க: இவரு ரெண்டாவது தடவ, நான் கேக்காமயே, தானா போன் பண்ணி இந்த பொருள வாங்குவாரா? நம்ம ஊர்ல ஒருத்தன் புதுசா ஏதாவது ஆரம்பிச்சா சொந்தக்காரங்க மொத தடவ வாங்கிடுவாங்க, அது வியாபாரம் இல்லீங்க, மொய். எனக்கு மொத ரெண்டு மாசம் சேல்ஸ் பிச்சிக்கிட்டு போச்சு, பெரியம்மா, மாமா, காலேஜ் செட்டு, பழைய ஹவுஸ் ஓனர்னு எல்லாரும் ஆளுக்கொன்னு வாங்கினாங்க, நான் பெரிய சேல்ஸ்மேன்னு நெனச்சு அந்த வேகத்த வெச்சு வருஷத்துக்கு பெருக்கி பாத்து சொக்கி போயிட்டேன். மூணாவது மாசம் ஒருத்தரும் திரும்ப வாங்கல. எங்க சித்தி வாங்கின புரோட்டீன் டப்பா ஒரு வருஷம் கழிச்சு தீபாவளிக்கு போனப்ப ஃப்ரிட்ஜ் மேல சீல் கூட உடைக்காம இருந்துச்சு, என்ன சித்தின்னு கேட்டா "உனக்கு ஆச்சேன்னு வாங்கினேன் சாமி"ன்னாங்க. மொய்க்கு கணக்கு உண்டு, நீங்க திருப்பி வெக்கணும், அதுவும் ஒருத்தர் கிட்ட ஒரு தடவ தான் வாங்க முடியும். லிஸ்ட்ல மொய் வெக்கறவங்கள எல்லாம் அடிச்சிட்டு மிச்சம் எத்தன பேருன்னு பாருங்க. நூத்துக்கு ஏழெட்டு மிஞ்சுனாலே பெரிய விஷயம், அந்த ஏழெட்டு தான் உங்க உண்மையான மார்க்கெட்.

அப்புறம் செலவு பக்கம். இது தான் யாருமே எழுதறதில்ல, ஏன்னா செலவு சின்ன சின்னதா போகும், வரவு மட்டும் மொத்தமா மேடைல செக்கா வரும். என் கணக்கு முழுசா சொல்றேன். பதினாலு மாசத்துல வந்த கமிஷன் மொத்தம் 23,860 ரூபா. ஐடி ஆக்டிவா இருக்க மாசம் 2,500க்கு நானே வாங்கினது 35,000, அதுல வீட்டுக்கு எப்படியும் வாங்கியிருப்பேன்னு ஒரு 9,000 கழிச்சாலும் 26,000. கோயம்புத்தூர்லயும் சென்னைலயும் நடந்த ரெண்டு ஃபங்ஷனுக்கு டிக்கெட்டு, பஸ்ஸு, ரூமு 6,000. பெட்ரோல் மாசம் 700ன்னு 9,800. யாரையாவது ப்ளான் காட்ட கூட்டிட்டு போனா டீ வடை நம்ம செலவு தான, அது ஒரு 4,000. சாம்பிளுக்கு கொடுத்து திரும்ப வராத பொருள் 3,200. மொத்தம் 49,000, அதாவது 25,140 கைய விட்டு போச்சு. இதுல நேரத்த சேக்கல, வாரம் 12 மணி நேரம்னு வெச்சா எழுநூறு மணி நேரத்துக்கு மேல. வேடிக்கை என்னன்னா இத்தனையும் போயிட்டிருந்தப்ப நான் சில்வர் ரேங்க், மேடைல சால்வை போட்டு கை தட்டினாங்க, அந்த போட்டோவ காட்டி இன்னும் ரெண்டு பேர சேத்தேன்.

என் ஒருத்தன் கதைய வெச்சு முடிவு பண்ண வேணாம். 2024 செப்டம்பர்ல அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் ஊழியர்கள் 70 எம்எல்எம் கம்பெனிங்க தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகள எடுத்து பாத்தாங்க. சேந்தவங்கள்ல ரொம்ப பெரும்பாலானவங்களுக்கு வருஷத்துக்கே 1,000 டாலரோ அதுக்கு கீழயோ தான் வந்திருக்கு, மாசத்துக்கு 84 டாலர் கூட இல்ல, அதுவும் செலவ கழிக்கறதுக்கு முன்னாடி. நீங்களும் உங்க அப்லைன் கிட்ட ஸ்க்ரீன்ஷாட்டுக்கு பதிலா பேங்க் ஸ்டேட்மென்ட்டும், கமிஷன்ல டிடிஎஸ் வரி புடிச்ச கணக்கும் கேளுங்க. தராம போனா பரவால்ல, கேட்ட உடனே மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாருங்க.

பேப்பர் சமாச்சாரத்துக்கு வருவோம். கம்பெனி ரெஜிஸ்டர் ஆகியிருக்கு, ஜிஎஸ்டி நம்பர் இருக்கு, ஐஎஸ்ஓ சர்டிபிகேட் இருக்குன்னு ஸ்லைடு ஸ்லைடா காட்டுவாங்க. இதுல ஒன்னு கூட அந்த ப்ளான் சட்டப்படி சரின்னு சொல்ற பேப்பர் இல்ல, உங்க தெரு முக்குல இருக்கற பேக்கரிக்கும் தான் ஜிஎஸ்டி நம்பர் இருக்கு. பாக்க வேண்டியது 2021 டிசம்பர்ல மத்திய அரசு கொண்டு வந்த நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள். அதுல பிரமிட் திட்டமும், நேரடி விற்பனைங்கற பேர்ல பணச் சுழற்சி திட்டமும் (ஆள் சேத்தா சீக்கிரம் காசுங்கற திட்டம்) நடத்த கூடாதுன்னு இருக்கு, சேர்றதுக்கு என்ட்ரி ஃபீஸ், ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்னு வாங்க கூடாது, எழுத்துப்பூர்வமா ஒப்பந்தம் போடணும், மனசு மாறினா அபராதம் இல்லாம வெளிய வர கூலிங் ஆஃப் டைம் கொடுக்கணும், புகார் கேக்க ஆபீசர் வெச்சிருக்கணும், விக்கறவங்க ஐடி கார்டு இல்லாம, முன்கூட்டி சொல்லாம வீட்டுக்கு வர கூடாது. ஃபீஸ் இல்லீங்க, 8,000 ரூபாக்கு பேக்கேஜ் மட்டும் வாங்கிக்கோங்கன்னு சொன்னா அந்த பேக்கேஜ்ல இருக்கற பொருள தனித்தனியா வாங்கினா என்ன விலைன்னு பாருங்க, தெரிஞ்சிடும்.

1978ல வந்த பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சி திட்டங்கள் தடைச் சட்டம்னு ஒன்னு இருக்கு. நடத்தறவனுக்கு மட்டும் தான் தண்டனைன்னு நெறைய பேரு நெனச்சிட்டிருக்காங்க, அப்படி இல்ல, அந்த மாதிரி திட்டத்துல மெம்பரா சேர்றதும் கலந்துக்கறதும் கூட அதுல தப்பு தான், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். இலங்கைல இருந்து படிக்கறவங்களுக்கு, அங்க பேங்கிங் சட்டத்தோட 83சி பிரிவு பிரமிட் திட்டத்த நடத்தறதயும் விளம்பரம் பண்றதயும் தடை பண்ணுது, மத்திய வங்கியே அப்பப்ப எச்சரிக்கை விடும்.

சட்டத்த விட எனக்கு பெரிய பயம் வேற. கம்பெனி ஆபீஸ் எங்கயோ இருக்கும், உங்க டவுன்லைனுக்கு தெரிஞ்ச ஒரே மொகம் நீங்க தான். போன்ல விளம்பரம் பாத்தா காசுன்னு ஓடுன மைவி3 ஆட்ஸ் மேல கேஸ் வந்தப்ப 2024 ஜனவரில கோயம்புத்தூர் நீலாம்பூர் பக்கம் ஆயிரக்கணக்குல ஆளுங்க கூடுனாங்களே ஞாபகம் இருக்கா, கம்பெனிக்கு எதிரா இல்ல, ஆதரவா. வெளிய இருந்து பாத்தவங்க சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பு வரல. தன் காசும் உள்ள மாட்டிக்கிட்டு, தான் கூட்டிட்டு வந்த மச்சான் காசும் மாமியார் காசும் உள்ள இருந்தா, கம்பெனி நல்லா இருக்கணும்னு ரோட்ல நிக்கறத தவிர என்ன பண்ண முடியும்? சேக்கறதுக்கு முன்னாடி நோட்டுல இன்னொரு வரி எழுதுங்க: நான் சேக்கற ஆளு காசு போச்சுன்னு வந்து நின்னா என் கைல இருந்து திருப்பி கொடுக்க முடியுமா. முடியாதுன்னா அவர சேக்காதீங்க.

சரி, நல்லதே இல்லையா? இருக்கு, மறைக்க மாட்டேன். கடை வாடகை இல்லாம, பேங்க் லோன் இல்லாம ஒரு வியாபாரம் எப்படி இருக்கும்னு தொட்டு பாக்கலாம். நாலு பேர் முன்னாடி நின்னு பேச எனக்கு அங்க தான் வந்துச்சு, இன்னைக்கு ஆபீஸ்ல பையர் மீட்டிங்ல நான் பேசறது அந்த மண்டபத்துல கத்துக்கிட்டது. அந்த பொருள நீங்க ஏற்கனவே காசு கொடுத்து வாங்கி யூஸ் பண்ணிட்டிருந்தா மெம்பர் விலைல வாங்கறது லாபம் தான், சேந்துட்டு யாரையும் சேக்காம இருந்துடலாம். எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா டப்பர்வேர் டப்பாவ ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல எடுத்துட்டு போய் வித்து வருஷக்கணக்கா பையனோட டியூஷன் ஃபீஸ் கட்டுனாங்க, ஒருத்தர கூட கீழ போட்டதில்ல, ப்ளான் என்னன்னு கேட்டா அவங்களுக்கே சரியா தெரியாது. டீச்சருங்க டப்பா வேணும்னு அவங்கள தேடி வந்தாங்க. பெரிய டீம் கட்டி சம்பாதிக்கறவங்களும் உண்டு, பொய் இல்ல, ஆனா அவங்கள்ல நெறைய பேருக்கு சேர்றதுக்கு முன்னாடியே ஊர்ல பெரிய வட்டம் இருந்திருக்கும், எல்ஐசி ஏஜென்ட், டீச்சர், கட்சிக்காரர் மாதிரி.

கணக்கெல்லாம் போட்டும் சேந்து பாக்கலாம்னு தோணுச்சுன்னா ஒரு வேலி போட்டுட்டு சேருங்க. போனா போகட்டும்னு சொல்லக்கூடிய ஒரு தொகை, அதுக்கு மேல ஒரு ரூபா கூடாது, நகை அடகு, கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் பக்கம் போகவே கூடாது. ஆறு மாசம் கெடு வெச்சு தேதிய நோட்டு அட்டைல எழுதுங்க, அன்னைக்கு வரவு செலவு கூட்டி பாத்து செலவு ஜாஸ்தின்னா அன்னையோட ஐடிக்கு பூட்டு. ரேங்க் போயிடும், இன்னும் ரெண்டே ஆள் தான், க்ளோசிங்குக்கு (மாசக் கணக்கு முடிக்கற நாளுக்கு) ஒரு ஆர்டர் நீங்களே போட்டுடுங்கம்பாங்க, அந்த க்ளோசிங் ஆர்டர்ல தான் என் காசு அதிகமா போச்சு. வேலைய விட சொல்ற லீடர் இருந்தா அந்த டீமே வேணாம். வீட்டுக்காரம்மா கிட்டயோ வீட்டுக்காரர் கிட்டயோ நோட்ட காட்டிட்டு சேருங்க, நான் காட்டல, அது தனி கதை.

ஏற்கனவே உள்ள இருக்கீங்க, வெளிய வரணும்னா, ஒப்பந்தத்த எடுத்து கூலிங் ஆஃப் நாள் எத்தனன்னும், பிரிக்காத சரக்க திருப்பி எடுக்க என்ன விதின்னும் பாத்து, இமெயில்ல எழுதி கேளுங்க, போன்ல பேசி முடிக்காதீங்க. பில்லு, பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட், வாட்சப்ல மாசம் இவ்வளவு வரும்னு சொன்ன மெசேஜ் எல்லாம் க்ரூப்ல இருந்து வெளிய வர்றதுக்கு முன்னாடி சேவ் பண்ணிக்கோங்க, வெளிய வந்துட்டா சில சமயம் பழைய மெசேஜ எல்லாருக்குமே அழிச்சிடறாங்க. நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915. பணத்த போட்டா பணம்ங்கற மாதிரி திட்டம்னா ரிசர்வ் பேங்கோட சசேத் வெப்சைட்லயும், போலீஸ்ல பொருளாதார குற்றப்பிரிவுலயும் புகார் கொடுக்கலாம். ஆன்லைன்ல காச ஏமாந்திருந்தா லேட் பண்ணாம 1930.

வேணாம்னு முடிவு பண்ணா கூப்பிட்டவன் கிட்ட எப்படி சொல்றது? நிறைய பேரு போன எடுக்காம ஓடி ஒளிவாங்க, ஃப்ரெண்ட்ஷிப்பே போயிடும். பிசியா இருக்கேன், அப்புறம் பாக்கலாம்னு இழுக்காதீங்க, அப்படி சொன்னா எப்படி மடக்கணும்னு தனி ட்ரெயினிங்கே உண்டு, நானே எடுத்திருக்கேன். இப்ப யாராவது என்னைய கூப்பிட்டா நான் அனுப்பற மெசேஜ் இது, வேணும்னா எடுத்துக்கோங்க: "மச்சி, கணக்கு போட்டு பாத்தேன், எனக்கு செட் ஆகாதுடா, சேரல. உன் பொருள் ஏதாவது தேவைப்பட்டா சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா இருந்தா வீட்டுக்கு வா, சாப்பிடலாம், இத பத்தி மட்டும் பேச வேணாம்." இது வரைக்கும் நாலு பேருக்கு அனுப்பியாச்சு, ரெண்டு பேரு சாப்பிட வந்தாங்க.